நூலகத்தில் பழைய நாளிதழ்களோடு ஒரு நாள்

(விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓய்வு நாள் ஒன்று வாய்த்தால் அதை எவ்வாறு செலவிடுவது என்பதற்குப் பலர் பல வழிகள் சொல்வர். உறவினர் இல்லம் செல்வோர் உளர். ஊர் காணப் புறப்படுவோர் உளர். தொலைக்காட்சியின் முன் அமர்ந்தே பொழுதைக் கழிப்போரும் உளர். இவற்றோடு இன்னும் ஒரு வழியையும் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுவதே இவ்வுரையின் நோக்கம். பெரிய நூலகம் ஒன்றிற்குக் காலையிலேயே சென்று, அங்கே தொகுத்துக் கட்டி வைத்திருக்கும் பழைய நாளிதழ்களை மாலை வரை புரட்டிப் பார்ப்பதே அவ்வழி. இதற்காகும் செலவு பேருந்துக் கட்டணமும் ஒரு வேளை உணவும் மட்டுமே. வரவு எத்தகையது என்பதைச் சற்று விரிவாகக் காணலாம்.

'இதழ்' என்னும் தமிழ்ச் சொல் பூவின் மடலைக் குறிக்கும்; வாயின் உதட்டைக் குறிக்கும்; செய்தி தாங்கி வரும் ஏட்டையும் குறிக்கும். நாளிதழுக்கு இம்மூன்று பொருளும் பொருந்தும். அது ஏடாக வருகிறது. ஊர் வாயாகப் பேசுகிறது. பூவைப்போல ஒரே பகலில் வாடிவிடுகிறது. மறுநாள் அது அலமாரித் தட்டின் விரிப்பாகும். சுண்டல் மடிக்கும் பொட்டலமாகும். மாத முடிவில் பழைய தாள் வாங்குவோரின் தராசில் ஏறும். ஒரு நாளுக்கென்றே எழுதப்பட்ட ஒன்றை எழுபது, எண்பது ஆண்டுகள் கழித்து எடுத்துப் படிப்பதால் என்ன பயன் என்று கேட்பது இயல்பே. அது ஒரு நாளுக்கென்று எழுதப்பட்டதுதான் அதன் தனிப்பெரும் பயன் என்பது இக்கேள்விக்குரிய விடை. அவ்விடையின் பொருள் உரையின் போக்கில் விளங்கும்.

தமிழ்நாட்டில் இதற்குரிய இடங்கள் இல்லாமல் இல்லை. சென்னை எழும்பூரில் உள்ள கன்னிமாரா பொது நூலகம் 1896ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் மக்களுக்காகத் திறக்கப்பட்டது. இந்திய நாட்டில் வெளியாகும் நூல்களின் படி ஒன்றைச் சட்டப்படி பெறும் உரிமை வாய்ந்த நூலகங்களுள் அதுவும் ஒன்று. 1954ஆம் ஆண்டின் அச்சட்டம் 1956இல் திருத்தப்பட்டபோது நாளிதழ்களும் அதன் வரம்பிற்குள் வந்தன. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்து, தம் வாழ்நாளெல்லாம் அச்சேறிய தமிழைத் தேடித்தேடித் திரட்டிய ரோஜா முத்தையா அவர்களின் சேகரிப்பு, அவர் 1992இல் மறைந்தபின், 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றது. இன்று அது தரமணியில் இயங்குகிறது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகங்களுக்கென்று 1948இல் சட்டம் இயற்றியது அன்றைய சென்னை மாகாணம் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

நூலகத்துள் நுழைபவர் பையை வாயிலில் ஒப்படைக்கிறார். வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதுகிறார். வேண்டிய இதழின் பெயர், ஆண்டு, மாதம் ஆகியவற்றைச் சீட்டில் குறித்துத் தருகிறார். சற்று நேரத்தில் ஊழியர் இரு கைகளாலும் சுமந்து வந்து மேசைமேல் மெல்ல வைக்கும் கட்டடத் தொகுதி, விரித்த நிலையில் மேசையை முழுதும் மூடிவிடும். தாள் பழுப்பேறியிருக்கும். ஓரங்கள் தொட்டால் உதிரும். ஒரு விரலால் புரட்டும் பழக்கம் இங்கே உதவாது. மேல் மூலையிலும் கீழ் மூலையிலும் உள்ளங்கையைக் கொடுத்து, உறங்கும் குழந்தையைப் புரட்டிப் படுக்க வைப்பதுபோல் திருப்ப வேண்டும். எச்சில் தொட்டுப் புரட்டுவது பெருங்குற்றம்.

முதல் அரைமணி நேரம் கண்ணுக்குத் தடுமாற்றமாகவே இருக்கும். 1978ஆம் ஆண்டு தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்குமுன் அச்சான இதழ்களில் 'லை', 'னை' போன்ற எழுத்துகள் யானையின் துதிக்கைபோல் மேலே வளைந்த கொம்புடன் நிற்கும்; 'ணா', 'றா', 'னா' ஆகியவை தனிக்கால் இன்றிச் சுழித்து நிற்கும். பள்ளிப் பிள்ளை ஒருவனை உடன் அழைத்துச் சென்றால் இது வேற்று மொழியோ என்று மயங்குவான். பெரியவர் ஒருவர் அருகிலிருந்து பத்து வரிகளைப் படித்துக் காட்டினால் போதும். பதினோராவது வரியை அவனே படிப்பான். பாட்டனும் பெயரனும் ஒரே தாளில் தலை கவிழ்ந்து எழுத்துக் கூட்டும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் அமையாது.

எழுத்து பழகியபின் சொற்கள் வியப்பூட்டும். கூட்டத்திற்குத் 'தலைவர்' இரார், 'அக்கிராசனர்' இருப்பார். சங்கத்திற்குச் 'செயலாளர்' இல்லை, 'காரியதரிசி' உண்டு. தேர்தலில் நிற்பவர் 'அபேட்சகர்'. ஆட்சி செய்வது 'சர்க்கார்'. அறிஞர் ஆற்றுவது 'உபந்நியாசம்'. வெவ்வேறு ஆண்டுகளின் தொகுதிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால், அக்கிராசனர் மெல்ல விடைபெறுவதையும் தலைவர் வந்து அமர்வதையும், அபேட்சகர் வேட்பாளராவதையும் நேரிற் காணலாம். மொழி வரலாற்று நூல்கள் ஒரு வரியில் சொல்லிச் செல்லும் மாற்றம் இது. அது ஒரே நாளில் நிகழவில்லை என்பதையும், பழஞ்சொல்லும் புதுச்சொல்லும் ஒரே காலத்தில் நெடுநாள் அருகருகே வாழ்ந்தன என்பதையும் நாளிதழே காட்ட வல்லது. 1882இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் சுதேசமித்திரனைத் தொடங்கியபோதும், அது 1899இல் நாளிதழானபோதும், உலகச் செய்திகளைத் தமிழில் சொல்வதற்குச் சொல் தேடி உழைத்தவர்கள் அவ்விதழாசிரியர்களே. அவ்வுழைப்பின் தடம் பத்திதோறும் கிடக்கிறது.

தேடுவது வேறு; புரட்டுவது வேறு. கணினியில் ஒரு சொல்லை இட்டால் அச்சொல் உள்ள இடம் மட்டும் வந்து நிற்கும். அது பேருதவியே, மறுப்பதற்கில்லை. ஆயினும் தேடுபவர்க்கு முன்பே தெரிந்திருப்பதைத்தான் தேட முடியும். தெரியாத ஒன்றை எதிர்கொள்வதற்குப் பக்கங்களைப் புரட்டியே ஆக வேண்டும். தந்தையார் பள்ளியிறுதித் தேர்வில் தேறிய எண் வெளிவந்த நாளைத் தேடிச் செல்பவர், எண்கள் மட்டுமே அணிவகுத்து நிற்கும் அப்பக்கத்தைக் காண்பதற்குமுன், மழை பெய்யாமையால் வாடிய பயிரைப் பற்றியும், புதிய திரைப்படத்தைப் பற்றியும், தலைவலித் தைலத்தைப் பற்றியும், ஊர் ஒன்றில் நிகழ்ந்த திருட்டைப் பற்றியும் படித்துவிடுகிறார். தந்தையார் அந்த எண்ணைத் தேடிய காலை வேளையில் அவரைச் சூழ்ந்திருந்த உலகம் முழுதும் அத்தாளில் இருக்கிறது. எண்ணைத் தேடிப் போனவருக்கு ஓர் இளைஞனின் காலைப்பொழுது கிடைக்கிறது.

இனி, உரையின் நடுப்பொருளுக்கு வருவோம்.

1948ஆம் ஆண்டு சனவரி மாதத் தொகுதி ஒன்றை வாசகர் கேட்டு வாங்குவதாகக் கொள்ளலாம். சர்வசித்து ஆண்டு, மார்கழியும் தையும். காந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொள்ளப் போவதாக 12ஆம் நாள் அறிவித்தார். 13ஆம் நாள் தொடங்கினார். பாகிஸ்தானுக்குத் தர வேண்டிய 55 கோடி ரூபாயை அளிப்பதென்று 15ஆம் நாள் இந்திய அரசு முடிவு செய்தது. தில்லியின் பல சமயத் தலைவர்களும் அமைதி காப்பதாக உறுதி அளித்ததன்பேரில் 18ஆம் நாள் நோன்பு நிறைவுற்றது. 20ஆம் நாள் பிர்லா மாளிகை வழிபாட்டுக் கூட்டத்தின் அருகே குண்டு ஒன்று வெடித்தது. யாருக்கும் ஊறு நேரவில்லை. இவை அனைத்தும் வரலாற்று நூல்களில் உள்ளவையே. ஆயினும் நூலில் படிப்பதற்கும் நாளிதழில் படிப்பதற்கும் உள்ள வேறுபாடு, பக்கங்களைப் புரட்டும் கைக்குத் தெரியும்.

நூலாசிரியருக்கு முடிவு தெரியும். ஆதலால் அவர் எழுதும் வரி ஒவ்வொன்றும் 30ஆம் நாள் மாலையை நோக்கியே நடக்கிறது. நாளிதழ்க்காரருக்கு முடிவு தெரியாது. நோன்பு நிறைவுற்ற செய்தியை அவர் நிம்மதியோடு அச்சிடுகிறார். குண்டு வெடித்த செய்திக்கு மறுநாள் வேறு செய்தி. அதற்கு மறுநாள் வேறொன்று. தொகுதியில் 26 வருகிறது; 27 வருகிறது; 28 வருகிறது. படிப்பவரின் கை தன்னையறியாமல் மெதுவாகிறது. 30ஆம் நாள் காலை இதழ் விரிகிறது. அன்று காலை அதை வாங்கிப் படித்தவர்களுக்கு அது மற்றுமொரு வெள்ளிக்கிழமை. அடிகள் இருக்கிறார், மாலையில் வழக்கம்போல் வழிபாடு நடக்கும். திண்ணையில் அமர்ந்து அவ்விதழைப் படித்தவர், படித்து முடித்து மடித்து வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போயிருப்பார். அன்று மாலை ஐந்தே கால் மணிக்குமேல் நிகழ்ந்ததைத் தாங்கிய இதழ், அடுத்த தாளில் இருக்கிறது. எண்பது ஆண்டுகளை நெருங்கும் தொலைவில் அமர்ந்திருக்கும் வாசகர், 30ஆம் நாள் காலை இதழின்மீது கை வைத்தவாறு, அந்தத் தாளைத் திருப்ப மனமின்றிச் சிறிது நேரம் இருந்துவிடுகிறார். அடுத்த பக்கத்தில் இருப்பது அவருக்குத் தெரியும். அன்று அத்தாளைப் படித்த ஒருவருக்கும் தெரியாது.

ஒரு நாளுக்கென்று எழுதப்பட்டதன் பயன் என்று முதலில் சொன்னது இதைத்தான். முடிவு தெரியாத மனிதர்களின் மனநிலை மாறாமல் தங்கியிருக்கும் இடம் பழைய நாளிதழ்.

இவ்வறியாமையைக் காண்பதனால் விளையும் நன்மை யாது? முன்னோர்க்கு நீதி செய்ய அது உதவுகிறது. இதற்கு 1942ஆம் ஆண்டின் சென்னை நல்ல சான்று. ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பின்மீது ஜப்பானிய வானூர்திகள் குண்டு வீசின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சிங்கப்பூர் பிப்ரவரியிலும் இரங்கூன் மார்ச்சிலும் வீழ்ந்திருந்தன. சென்னையில் இருந்தே தீர வேண்டிய பணி இல்லாதோர் நகரைவிட்டு வெளியேறுமாறு அரசு அறிவுறுத்தியது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. விலங்குக் காட்சிச் சாலையில் இருந்த கொடிய விலங்குகள், குண்டுவீச்சில் கூண்டு உடைந்து வெளியேறக்கூடும் என்னும் அச்சத்தால் சுட்டுக் கொல்லப்பட்டன. மக்கள் தொடர்வண்டிகளிலும் மாட்டு வண்டிகளிலும் ஊர் திரும்பினர். இருந்த வீட்டைக் கிடைத்த விலைக்கு விற்றுச் சென்ற குடும்பங்களும் உண்டு.

அஞ்சிய படையெடுப்பு நிகழவில்லை. ஆகவே இன்று பெயரர்கள் வீட்டில் பேசிக்கொள்கிறார்கள்: "மயிலாப்பூரில் இருந்த வீட்டைத் தாத்தா ஏன்தான் விற்றாரோ! கொஞ்சம் பொறுத்திருந்தால் இன்று அதன் மதிப்பு என்ன ஆகியிருக்கும்!" பெயரனுக்கு 1945இல் போர் முடிந்தது தெரியும், 1947இல் விடுதலை வந்தது தெரியும், இன்றைய மனையின் விலையும் தெரியும். தாத்தாவுக்குத் தெரிந்தது அன்றைய இதழில் இருந்தது மட்டுமே. அந்தப் பெயரன் 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொகுதியைக் கேட்டு வாங்கி, முதல் நாளிலிருந்து முறையாகப் புரட்டி வரட்டும். கொழும்பு, காக்கிநாடா என்று ஒவ்வொரு பெயராக நெருங்கி வருவதைப் படிக்கட்டும். காகிதத் தட்டுப்பாட்டால் மெலிந்துபோன அவ்விதழ்களின் நெருங்கிய எழுத்துகளில், இரண்டு குழந்தைகளையும் வயது முதிர்ந்த தாயையும் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டியிருந்த முப்பது வயது மனிதர் ஒருவரை அவன் காண்பான். வீடு திரும்பியபின் அவன் அப்பேச்சை முன்போல் பேசமாட்டான்.

முன்னோர் செய்த பிழைகள் யாவும் பிழையல்ல என்று இதனால் கொள்ளலாகாது. தெரிந்தே செய்த தவறுகளும் இதழ்களில் உண்டு. யாருக்கு எது தெரிந்திருந்தது, எப்போது தெரிந்தது என்பதை அறிந்தபின் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பதே நாளிதழ் கற்பிக்கும் முறை.

நாளிதழில் அச்சானது அனைத்தும் உண்மை என்று கொள்வதும் பொருந்தாது. 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாமீது அணுகுண்டு வீசப்பட்டது. உடனே உலக இதழ்களுக்குக் கிடைத்தது அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டுரூமனின் அறிக்கை. இருபதாயிரம் டன் வெடிமருந்தினும் மிக்க ஆற்றல் கொண்ட புதிய குண்டு என்று குண்டின் வலிமையை அது சொன்னது. இறந்தோர் எத்தனை பேர் என்பதை அதிலிருந்து எவரும் அறிந்திருக்க முடியாது. அவ்வாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் மாண்டனர் என்னும் மதிப்பீடு பிற்காலத்தது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது தந்தியும் தொலைபேசியும் தண்டவாளமும் ஒருசேர அறுந்தன. பயணிகளோடு தொடர்வண்டி ஒன்று அலைவாய்ப்பட்ட பெருந்துயரம் அன்றே முழுமையாகக் கரைக்கு எட்டவில்லை. முதல் நாள் செய்தியை மட்டும் படித்து நிறுத்துபவர் குறைபட்ட செய்தியையே அறிவார்.

ஆகவே, பழைய இதழ் படிப்போர் கைக்கொள்ள வேண்டிய விதிகள் இரண்டு. ஒரு நிகழ்ச்சியைப் பற்றிப் படிக்கும்போது, அடுத்து வரும் பத்து நாள் இதழ்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது முதல் விதி. முதல் நாள் கூற்று மூன்றாம் நாள் திருத்தம் பெறுவதையும், எண்ணிக்கை மாறுவதையும், சில வேளைகளில் முற்றும் மறுக்கப்படுவதையும் அப்போதுதான் காணலாம். வேறு சார்புடைய இதழ் ஒன்றையும் உடன்வைத்துப் படிக்க வேண்டும் என்பது இரண்டாம் விதி. 1938இல் பள்ளிகளில் கட்டாய இந்தியை எதிர்த்து நிகழ்ந்த போராட்டத்தை 'விடுதலை' கண்ட கண் வேறு. காங்கிரஸ் சார்பான இதழ்கள் கண்ட கண் வேறு. இரண்டையும் அருகருகே விரித்து வைத்துப் படிப்பவரே அத்தெருவில் நின்ற மக்களை ஓரளவேனும் காண்பார்.

இவ்விரு விதிகளும் பழைய தாளுக்கு மட்டும் உரியனவல்ல. இன்று கைப்பேசியில் ஒரு செய்தி வந்ததும், அது வந்த சூட்டிலேயே நூறு பேருக்கு அனுப்பிவிடும் வழக்கம் வீடுதோறும் பெருகியிருக்கிறது. பழைய இதழ்களில் ஒரு நாளைக் கழித்தவர், அவ்வாறு அனுப்புவதற்குமுன் சற்றுத் தயங்குவார். முதல் நாள் செய்தி மூன்றாம் நாளில் என்ன ஆனது என்பதைப் பலமுறை கண்டவர் அவர்.

அடுத்து, இத்தாள்களால் தமிழ் பெற்ற பயனையும் நினைவுகூர வேண்டும். பாரதியார் 1904இல் சுதேசமித்திரனில் துணையாசிரியராகச் சேர்ந்தார். பின்னர் வேறு இதழ்களிலும் எழுதினார். வாழ்வின் இறுதிக்காலத்தில் மீண்டும் சுதேசமித்திரனுக்கே வந்தார். காளிதாசன், சக்திதாசன், ஷெல்லிதாசன் என்று பல பெயர்களில் எழுதினார். அவர் மறைந்தபின் அவ்வெழுத்துகளுட் பல இதழ்க் கட்டுகளுக்குள்ளேயே கிடந்தன. பெ. தூரன் சுதேசமித்திரன் இதழ்களைப் புரட்டித் திரட்டியவை 1953இல் 'பாரதி தமிழ்' என்னும் நூலாயின. 'ஹிந்து' நாளிதழில் பாரதியார் எழுதியவற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடியெடுத்து 'பாரதி கருவூலம்' என்னும் நூலாக 2008இல் தந்தார். கவிஞர் மறைந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின்னும் நாளிதழ்த் தொகுதிகள் அவரைக் கொடுத்துக்கொண்டே இருந்தன. புரட்டுவதற்குத் தொகுதி இருந்தது. புரட்டுவதற்கு ஒருவர் வந்தார். இவ்விரண்டில் ஒன்று குறைந்திருப்பினும் அந்நூல்கள் இல்லை.

ஏட்டுச் சுவடிகளைப் பற்றி இவ்வவைக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தபோது, குடந்தைச் சமணப் பெருமக்களின் இல்லங்களில் அந்நூல் வழிவழியாக ஓதப்பட்டு வந்ததே அவருக்குப் பெருந்துணையாயிற்று. சிந்தாமணிப் படனம் நிறைவெய்திய நாளில் வீடு தோரணத்தால் அழகு செய்யப்பட்டிருந்ததைக் கண்டு அவர் வியந்ததைத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஓலை நைந்தபோது புதிய ஓலையில் படியெடுத்தவர்கள் அக்குடும்பத்தார். அதைத் தம் கடமையாகக் கொண்டவர் இருந்தமையால் அந்நூல் வாழ்ந்தது. நாளிதழுக்கு அத்தகைய குடும்பம் இல்லை. நாளை தூக்கி எறிவதற்கென்றே அச்சிட்டதை யார் படியெடுப்பார்?

அதன் உடம்பும் நீண்ட நாள் வாழ்வதற்கு ஏற்றதன்று. கந்தல் துணியிலிருந்து செய்த பழங்காலத் தாள் நூற்றாண்டுகள் தாங்கும். நாளிதழ்த் தாளோ மரத்தை அரைத்த கூழிலிருந்து மலிவாகச் செய்யப்படுவது. மரத்தில் இயல்பாகவே உள்ள லிக்னின் என்னும் பொருள் அதில் நீக்கப்படாமல் தங்கிவிடுகிறது. ஒளியும் காற்றும் பட்டால் அது தாளைப் பழுப்பாக்கும். உள்ளே அமிலம் சுரந்து நார்களை அறுக்கும். சென்னை போன்ற கடற்கரை நகரின் வெப்பமும் ஈரமும் அவ்வழிவை விரைவுபடுத்தும். பூச்சியும் கறையானும் வராவிடினும் தாள் தன் வினையாலேயே தான் அழியும். வாசகர் எழுந்து சென்றபின் மேசைமேல் கிடக்கும் பழுப்புத் துகள்கள் அவ்வழிவின் சாட்சி. அவை ஏதோ ஒரு நாளின் ஏதோ ஒரு சொல்லின் பகுதி.

இதனால்தான் நுண்படச் சுருளிலும், இக்காலத்தில் எண்ணியல் படங்களாகவும் இவற்றைப் பெயர்த்து வைக்கிறார்கள். நுண்படக் கருவியின் முன் அமர்ந்து சுருளைத் திருப்புவதும் புரட்டுதலே. தாளின் மணம் இல்லை, அவ்வளவே. எல்லா இதழ்களும் இவ்வாறு பெயர்க்கப்பட்டுவிடவில்லை. சிறிய ஊர்களில் சில காலம் வெளிவந்து நின்றுபோன இதழ்கள், சமூக அமைப்புகள் நடத்திய மாத வெளியீடுகள், விழா மலர்கள் ஆகியவை பெரிய நூலகங்களிற்கூடத் தொடர்ச்சியாக இருப்பது அரிது. அவை பெரும்பாலும் தனியார் வீட்டுப் பரணில் சணல் கயிற்றால் கட்டப்பட்டுக் கிடக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டும்போதோ, பெரியவர் மறைந்தபின் அறையை ஒழிக்கும்போதோ, அக்கட்டு எடைக்குப் போய்விடுகிறது. கிலோவிற்குச் சில ரூபாய் கிடைக்கும். போனது எது என்று அறிந்தவர் அவ்வீட்டில் ஒருவரும் இரார்.

ஆகவே இவ்வவையின்முன் வைக்கும் வேண்டுகோள் இரண்டு. பரணில் கிடக்கும் பழைய இதழ்க் கட்டை எடைக்குப் போடுவதற்குமுன் அவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்பது முதலாவது. ஆண்டு என்ன, இதழ் எது என்று ஒரு தாளில் பட்டியல் எழுதி, அருகிலுள்ள நல்ல நூலகத்திற்கோ ஆராய்ச்சி நிலையத்திற்கோ காட்டினால், அவர்களிடம் இல்லாதது இவர்களிடம் இருக்கக்கூடும். அதுவரை அக்கட்டை வெயில் படாத, ஈரம் இல்லாத இடத்தில், மடிக்காமல் படுக்கவைத்திருத்தல் நலம். கிழிந்த இடத்தில் ஒட்டும் நாடாவை ஒருபோதும் ஒட்டலாகாது. அதன் பசை சில ஆண்டுகளில் தாளையே தின்றுவிடும்.

ஓய்வு நாள் ஒன்றை இதற்கென ஒதுக்க வேண்டும் என்பது இரண்டாவது. செல்லுமுன் நூலகம் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும், உறுப்பினர் அல்லாதார்க்கு வேண்டிய ஒப்புதலையும் கேட்டறிந்துகொள்வது நல்லது. மையூற்றுப் பேனாவை வீட்டில் வைத்துவிட்டுக் கரிக்கோலும் குறிப்பேடும் எடுத்துச் செல்ல வேண்டும். குறிப்பு எடுக்கும்போது இதழின் பெயர், நாள், பக்கம் ஆகிய மூன்றையும் எழுதாமல் செய்தியை மட்டும் எழுதுவது, முகவரி இல்லாமல் கடிதம் இடுவதற்கு ஒப்பாகும். படம் எடுக்க விரும்பினால் ஊழியரின் இசைவைப் பெற்றே எடுக்க வேண்டும். ஒரு மாதத் தொகுதி ஒரு நாளைக்குப் போதும். பத்து ஆண்டுகளை ஒரே பகலில் பார்க்க முனைபவர் எதையும் பார்க்கமாட்டார்.

எந்த மாதத்தைக் கேட்பது என்று தெரியாதவர்கள், வீட்டில் உள்ள மூத்தவர் பிறந்த மாதத்தைக் கேட்கலாம். அம்மூத்தவரையும் இயன்றால் உடன் அழைத்துச் செல்லலாம். நடக்க இயலாதவராயின், அந்நாளின் முதல் பக்கத்தைப் படியெடுத்து வந்து, மாலையில் அவர் அருகில் அமர்ந்து படித்துக் காட்டலாம். அன்று அரிசி என்ன விலை விற்றது, எந்தப் படம் ஓடியது, எதைக் கண்டு ஊர் அஞ்சியது என்று படித்துக்கொண்டே வரும்போது, அவர் இடைமறித்து, "அது அப்படியில்லையப்பா" என்று தம் தாயார் சொல்லக் கேட்ட ஒன்றைச் சொல்லத் தொடங்குவார். அச்சேறாத அச்செய்தியையும், நாளும் பெயரும் இட்டு, அதே குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.